ஒரு கிண்ணம் இனிப்பு நுரை

என் மனைவியை நான் நெடுங்காலம் மட்டமாகவே நினைத்திருந்தேன். அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இலங்கையில் போர் முடிந்த அந்த வைகாசியில், டென்மார்க்கில் ஹோர்சன்ஸ் நகரத்து எங்கள் குடியிருப்பில் விருந்து. வீட்டுக்கொரு பண்டம் கொண்டுபோக வேண்டும். அயலவர்கள் என் மனைவி பொரிக்கும் ரோல்ஸுக்காகக் காத்திருப்பார்கள். அவளோ தகரத்து அன்னாசி, மார்ஷ்மெல்லோ, அடித்த கிறீம் எல்லாவற்றையும் கிண்ணத்தில் கலந்துகொண்டிருந்தாள். அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு டேனிஷ் கிழவி சொல்லிக்கொடுத்த பழங்காலப் பண்டம்.

"இதென்ன, சவர்க்கார நுரையோ? அந்தச் சனத்தோட வேலை செய்து உமக்கும் மூளை நுரைச்சுப் போச்சு."

"எனக்குத் தலையிடி. நீங்களே கொண்டு போங்கோ" என்றாள், நிமிராமல்.

விருந்தில் கிண்ணத்தைக் காட்டி, என் மனைவிக்குச் சமையல் மறந்துவிட்டது என்று டேனிஷில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

திரும்பி வந்து தேத்தண்ணி கேட்டேன்.

"அடுப்பு மூட்டேலாது."

காலையிலும் பாணும் குளிர்ந்த பாலும்தான் தந்திருந்தாள். எங்கள் பக்கம் சாவீட்டில்தான் அடுப்பு மூட்டமாட்டார்கள்.

"ஆர்?"

"தம்பி. வன்னியில ஷெல் விழுந்து. நேற்றுப் போன் வந்தது."

அவளுடைய தம்பியை நான் தறுதலை என்றே சொல்வேன், பெயர் சொன்னதில்லை.

"ஏனப்பா என்னட்டைச் சொல்லேல்லை?"

"செத்தவனையும் நக்கலடிப்பியள் எண்டு பயந்தனான்."

அவள் கண்கள் வீங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். தம்பிக்காக வாய்விட்டு அழ, அவளுக்கு என்னை ஒரு கிண்ணத்தோடு வெளியே அனுப்பவேண்டி இருந்திருக்கிறது.