பூஜையில் வைத்த துப்பாக்கி

என் தங்கை செல்லம்மாள் உயிரோடு இருக்கிறாள். அதனால்தான் இந்த வாரம் என்னால் பத்தி எழுத முடிகிறது. கோபப்படவும் முடிகிறது.

சரஸ்வதி பூஜைக்கு, ஆறு தாண்டிக் கியாக்தானில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சுண்டல் சாப்பிடலாம் என்று போனவன், துப்பாக்கிச் சத்தம் கேட்டுவிட்டுத் திரும்பினேன். யாரும் யாரையும் சுடவில்லை. ஆனால் ஒரு குண்டு என் தங்கையின் வலது காதை ஒட்டிப் போய், ஓலைக் கூரையைப் பொத்துக்கொண்டு வெளியே போயிற்று.

அந்தக் குண்டு அந்த வீட்டுக்குள் எப்படி வந்தது? அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

செல்லம்மாளின் புருஷன் சிவலிங்கம். எனக்கு மாப்பிள்ளை. துறைமுகத்தில் மூட்டை கணக்குப் பார்த்த வேலையை விட்டுவிட்டு, கியாக்தானில் குத்தகைக்கு நிலம் பிடித்து நெல் போடுகிறார். கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப் பன்றி வரும். தின்பது கொஞ்சம், மிதித்து நாசம் பண்ணுவது அதிகம். மாப்பிள்ளை தகரத்தைத் தட்டிப் பார்த்தார். தீப்பந்தம் காட்டிப் பார்த்தார். பன்றிகள் வெளிச்சத்தில் இன்னும் சௌகரியமாகத் தின்றன. கடைசியில் துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டார்.

லைசென்ஸ் ஆபீஸில் கேட்ட கேள்விகள் இருக்கிறதே! சொந்த ஜில்லா எது? கப்பல் ஏறி எத்தனை வருஷமாச்சு? போலீஸில் பெயர் உண்டா? பொதுக்கூட்டங்களுக்குப் போகிற பழக்கம் உண்டா? நிலம் யாருடையது? அப்பன் பெயர், பாட்டன் பெயர்... எல்லாம் கேட்டார்கள். ‘துப்பாக்கியைப் பிடிக்கத் தெரியுமா?’ என்று மட்டும் ஒரு மகராசனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாப்பிள்ளை தெரியாது என்று உண்மையைச் சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

சரி, லைசென்ஸ் வந்துவிட்டது. எந்தத் துப்பாக்கி வாங்குவது?

பெண் பார்க்கப் போகிறேன் என்றால்கூட இரண்டு பேர்தான் கூட வருவார்கள். துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்று பட்டணத்து லத்தா தெரு டீக்கடையில் சொல்லிப் பாருங்கள்... கடையே எழுந்து வரும்! ஒருவர் இரட்டைக் குழல் என்றார். இன்னொருவர் நீளக் குழல் என்றார். மூன்றாமவர், புலிக்கு ஆகிறதுதான் பன்றிக்கும் ஆகும் என்றார். அத்தனை பேரும் காக்காய் விரட்டக் கல் எடுத்தாலும் பக்கத்து வீட்டு ஜன்னலில் போடுகிறவர்கள். அவர்களை அங்கேயே விட்டுவிட்டு நானும் மாப்பிள்ளையும் மட்டும் கடைக்குப் போனோம்.

கடையின் பெயரை எழுத மாட்டேன். எழுதினாலும் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார். அங்கே இருந்த சேல்ஸ்மேன் நம்மவர்தான். கோட்டு, டை, வாரிவிட்ட கிராப்பு. வேட்டி கட்டிய ஆளைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் முகம் சுளித்தது. லைசென்ஸைப் பார்த்ததும் சுளிப்பு சரியாகிவிட்டது.

மூலையில் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று சாத்தியிருந்தது. நடுவில் மடிகிற ரகம். மடித்தால் குழல் திறந்துகொள்ளும். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். பக்கத்து வயல் பர்மாக்காரர் ஊ போ தின்னிடம் இருப்பதும் அதே ரகம்தான். நான் அதைக் காட்டினேன்.

“அதுவா சார்?” என்று சிரித்தார் சேல்ஸ்மேன். “அது காட்டான் வாங்குறது. உங்களுக்கு எதுக்கு? இதைப் பாருங்க. புதுசு. ஆட்டோமேட்டிக் ரைபிள். ஒரு தரம் சுட்டா, அடுத்த குண்டு தானா வந்து உக்காந்துக்கும். நீங்க விசையை இழுக்கிறதுதான் பாக்கி.”

அப்போதே எனக்குக் கோபம் வந்தது. வயலில் நிற்கிறவன் காட்டான் இல்லாமல் கவர்னரா? தவிர, கியாக்தானில் மலையா இருக்கிறது, குண்டைத் தடுத்து நிறுத்த? தட்டை வயல். தாண்டினால் ஆறு. ஆற்றுக்கு நடுவே இருக்கிற கோயிலுக்குப் பூவும் கையுமாக ஜனங்கள் படகு ஏறுகிற துறை. ரைபிள் குண்டு பன்றியைத் தவறவிட்டால் எங்கே போய் நிற்கும்? கேட்டேன்.

“தவறாது சார்” என்றார் அவர். மாப்பிள்ளை அன்றுவரை ஒரு துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. தவறாதாம்!

ஆனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். காட்டான் என்ற வார்த்தை உள்ளே போய்த் தைத்துவிட்டது. “மச்சான், இதையே எடுத்துக்குவோம்” என்றார். அப்புறம் என்ன? தராசு சாய்ந்துவிட்டது.

பாடம் நடத்தினார் சேல்ஸ்மேன். மேகஸின் என்று ஒரு குண்டுப் பெட்டி. அதில் குண்டுகளை அடுக்கி, அடியில் செருகி, இதைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினால் தயார். “காலி பண்றதுக்கு?” என்று கேட்டார் மாப்பிள்ளை. நல்ல கேள்வி. அன்றைக்கு அந்தக் கடையில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி.

“பெட்டியைக் கழட்டிட்டா தீந்துது சார். அப்புறம் பச்சைக் குழந்தை மாதிரி.”

பெட்டியைக் கழற்றினால் பெட்டியில் இருக்கிற குண்டுகள்தான் வெளியே வரும். அந்த ஒரு தள்ளில் முன்னமே குழலுக்குள் ஏறிவிட்ட ஒன்று அங்கேயே இருக்கும். இது எனக்கு இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கும் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது. தெரிந்தவர் சொல்லவில்லை. அடுத்த வாடிக்கைக்காரர் வாசலில் நின்றார், அவசரம்.

இனி நடந்தது நம்மவர்கள் வீட்டில் மட்டுமே நடக்கக் கூடியது.

பூஜை நெருங்கிவிட்டது. புது ஆயுதத்தைப் பூஜையில் வைக்காமல் எடுத்துப் பழகலாமா? கூடாது. ஆகையால் மாப்பிள்ளை ஒரு தடவைகூடச் சுட்டுப் பார்க்கவில்லை. அரிவாள், மண்வெட்டி, ஏர், அதற்குப் பக்கத்தில் சிவப்புத் துணி விரித்துத் துப்பாக்கி. கட்டையில் சந்தனம், குங்குமம். குழலில் செவ்வந்திச் சரம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நானும் விழுந்து கும்பிட்டேன்.

அது காலியாக இல்லை என்று எனக்குத் தெரியாது.

ஏன் காலியாக இல்லை? நாம் எதையாவது காலியாக வைப்போமா? நிறைகுடம் வைக்கிறவர்கள் நாம். இரவல் வாங்கிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுகூட ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுப்போம். மாப்பிள்ளையும் அப்படித்தான் யோசித்திருக்கிறார். பெட்டி நிறையக் குண்டு அடுக்கி, செருகி, ஒரு தள்ளும் தள்ளி, மனசாரக் கொண்டுபோய் அம்பாள் முன்னால் வைத்திருக்கிறார். “வெறுமையா வச்சா விளங்குமா மச்சான்?” என்று பிற்பாடு என்னிடம் கேட்டபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. திட்ட வாய் வரவில்லை.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்தது. எல்லாவற்றையும் எடுத்து வைக்கிற வேலை. மாப்பிள்ளை பெட்டியைக் கழற்றினார். “காலி பண்ணிட்டேன். சந்தனம் காஞ்சுபோச்சு, தொடைச்சு வை” என்று பெண்சாதியிடம் கொடுத்தார்.

செல்லம்மாள் தரையில் உட்கார்ந்து, துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்தி, குழலைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஈரத் துணியால் துடைத்தாள். விசைக்குப் பக்கத்தில் கொஞ்சம் சந்தனம் அப்பியிருந்தது. துணி முனையை உள்ளே விட்டுச் சுரண்டினாள்...

சத்தம் அடங்கியதும் கூரையிலிருந்து ஓலைத் தூசு அவள் தலையில் கொட்டியது. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை அவள் முகத்தையும் கழுத்தையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்தார், ரத்தம் எங்கே என்று. ரத்தம் இல்லை.

ஊ போ தின் தன் வயலிலிருந்து ஓடி வந்தார். “பன்னி வூட்டுக்குள்ள வந்துட்டுதா?” என்றார் அவருடைய தமிழில். யாரும் சிரிக்கவில்லை.

“என்னங்க... என்ன சொல்றீங்க? ஒண்ணும் கேக்கலையே” என்றாள் செல்லம்மாள். அதுதான் அவள் முதலில் பேசியது. வலது காதில் இன்றுவரை வண்டு ரீங்காரம்தான். டாக்டர், பார்க்கலாம் என்கிறார். பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் மறுபடி கடைக்குப் போனோம். நானும் மாப்பிள்ளையும் போவதாகத்தான் ஏற்பாடு. “நானும் வரேண்ணே. குண்டு போனது என் காதுப் பக்கம்” என்று செல்லம்மாள் எங்களுக்கு முன்னால் லாஞ்சுப் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். புறப்படுமுன் துப்பாக்கியைத் திறந்து வைத்து மூன்று பேரும் மாற்றி மாற்றி உள்ளே பார்த்தோம். நிஜமாகவே காலி.

சேல்ஸ்மேன் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

“பொம்பளை கையில ஏன் சார் கொடுத்தீங்க?”

எனக்கு ரத்தம் தலைக்கேறிற்று. துப்பாக்கிக்கு ஆம்பளை கை, பொம்பளை கை தெரியுமா? விற்கிறவர் சொல்லாததை வாங்கியவர் சொப்பனத்திலா தெரிந்துகொள்வார்? வாயைத் திறந்தேன். செல்லம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

துப்பாக்கியைக் கவுண்டர் மேல் வைத்தாள். பெட்டியைக் கழற்றித் தனியாக வைத்தாள். குழல் சேல்ஸ்மேனைப் பார்த்தபடி இருந்தது. விசைப் பக்கம் அவள் கையே போகவில்லை.

“பெட்டியைக் கழட்டியாச்சு. பச்சைக் குழந்தைதானே? அப்படியே நில்லுங்க” என்றாள்.

அவர் நிற்கவில்லை! டையைப் பிடித்துக்கொண்டு அலமாரிப் பக்கம் ஒதுங்கினார். ஆக, தெரிந்திருக்கிறது. விலகத் தெரிந்த மனிதருக்கு, எங்களிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

கடையில் நாலைந்து வாடிக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே இருந்து கடை முதலாளி, வெள்ளைக்காரத் துரையும் எட்டிப் பார்த்தார். சேல்ஸ்மேனுக்கு வியர்த்துவிட்டது. “மாத்திக் கொடுத்துடறேம்மா” என்றார். மூலையில் இருந்த ஒற்றைக் குழலை அவரே எடுத்து வந்து, மடித்து, திறந்து காட்டினார். செல்லம்மாள் உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. தலையை ஆட்டினாள்.

அப்புறம் அவர் குனிந்துகொண்டு, வாய்க்குள்ளேயே, “தப்பு என் பேர்லதாம்மா” என்றார்.

“என்னது? காது கேக்கலைங்க. சத்தமாச் சொல்லுங்க.”

சொன்னார். அது போதவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னார், கடை முழுக்கக் கேட்கும்படி.

அவளுடைய இடது காது நன்றாகவே கேட்கும் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.