மறுபடி கேட்பார்கள் என்று நம்பியவர்

திருவொற்றியூர்க் குப்பத்தில் கருணாகரனை யோக்கியர் என்பார்கள். ஊர்க்கூட்டத்தின் சொல்லைத் தட்டாதவருக்கு அங்கே அதுதான் பெயர். அந்த யோக்கியதைதான் 1951-ல் அவரைச் செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் பொய் சொல்ல வைத்தது.

இறந்துபோன தேசப்பன் தன் வீட்டை மங்கைக்கு உயில் எழுதி வைத்திருந்தார். மங்கை விதவை. அவளுக்கு மறுபடி தாலி கட்டக் கூடாதென்று ஊர் தடுத்ததால், தாலியில்லாமலே அவரோடு குடும்பம் நடத்தியவள். செத்தவனுக்குச் சடங்கு, மிஞ்சியவளுக்குத் தண்டனை. இதற்குப் பெயர் தர்மம்! உயிலில் தேசப்பன் கைநாட்டு வைத்ததைப் பார்த்த சாட்சிகளில் உயிரோடிருந்தவர் கருணாகரன் மட்டும். தேசப்பனின் தம்பி திருமலையோ ஊர்த்தலைவர். கூட்டம் கூடியது. 'பார்க்கவில்லை' என்று சொல்லும்படி உத்தரவானது. கருணாகரன் சொன்னார். உயில் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. மங்கை ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டாள்.

அதைக் கேட்டு உள்ளுக்குள் மகிழ்ந்தவர் கருணாகரன்தான். ஓர் ஊரில் தீராத வழக்கு, பல குப்பத்துப் பெரியவர்கள் கூடும் பெரிய பஞ்சாயத்துக்குப் போகும். அங்கே முன்பு சொன்னது கணக்கில்லை; எல்லோரும் முதலிலிருந்து பேச வேண்டும். ஹைகோர்ட்டும் அப்படித்தான் என்று நம்பினார். அங்கே உண்மையைச் சொல்லிவிட, வெளுத்த வேட்டி கட்டி, விசாரணையன்று யாரும் அழைக்காமலே கோர்ட்டுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்.

அவரை யாரும் கூண்டுக்குக் கூப்பிடவில்லை. திருமலையின் வக்கீல் அச்சடித்த காகிதக் கட்டைப் புரட்டி இங்கிலீஷில் வாசித்தார். நடுநடுவே "கருணாகரன்" என்றார். நீதிபதிகள் தலையசைத்தார்கள்.

"நான் இங்கதான கீறேன்? என்னைக் கேக்காம இன்னாத்தையோ படிச்சிகினு கீறாரே!" என்று எழுந்தவரைச் சேவகர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

இடைவேளையில் கருணாகரன், தாழ்வாரத்தில் மங்கையோடு நின்ற அவள் வக்கீல் அப்துல் வஹாபிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்பீல்ல சாட்சியை மறுபடி கூப்பிட மாட்டாங்க, கருணாகரா. கீழ்க்கோர்ட்டுல நீ சொன்னது எழுத்தாயிடுச்சு. அதை வெச்சுத்தான் ஜட்ஜுங்க மறுபடி யோசிப்பாங்க." வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. சொன்னது பொய்னு சத்தியம் பண்ணி எழுதிக் கொடு. புதுச் சாட்சியமா எடுத்துக்கச் சொல்லி மனு போடறேன். எடுத்துப்பாங்களோ என்னவோ. பொய்ச்சாட்சின்னு உன் மேல கேஸும் வரலாம். தர்றியா?"

மாடிப்படியருகே திருமலை வெற்றிலை மென்றபடி அவரையே பார்த்தார்.

"ஊர்ல ஒரு வார்த்தை கேட்டுகினு சொல்றேங்க" என்றார் கருணாகரன்.

மங்கை சிரித்துவிட்டாள். "கேளுண்ணே, நல்லா கேளு. மூச்சு வுடலாமான்னும் சேத்துக் கேட்டுகினு வா."

யார் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். கருணாகரனுக்குக் காதெல்லாம் எரிந்தது. எல்லோரும் உள்ளே போனார்கள், அவர் போகவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, பஸ் ஏறாமல், கடலோரமாகவே வீடுவரை நடந்தார்.

அப்பீல் தள்ளுபடியானது. மங்கை மூட்டையோடு காசிமேட்டுக்குக் குடிபோன காலையில் கருணாகரன் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தார். ஒட்டியிருந்த மணலெல்லாம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. அவள் தாண்டிப் போகும்வரை, தலை நிமிராமல் உதறிக்கொண்டே இருந்தார்.