மீனுக்கும் காப்பிக்கும் நடுவில்

பலேர்மோவில் நான் வீட்டுவேலை செய்த சினியோரா, இந்த ஊர் வக்கீலைக் கட்டி வந்த மால்டாக்காரி. தொண்ணூறுகளின் நடுவில் அவளுடைய அண்ணன் மால்டாவிலிருந்து வந்தால் வீடு இரண்டுபடும். மேற்கு நாடுகள் தலைமை தாங்கும் ‘சமாதானக் கூட்டு’ என்ற இராணுவ அமைப்பில் அவர்களுடைய குட்டி நாடு சேர்வதா, வேண்டாமா என்பதுதான் சண்டை. சேர்ந்தால் பாதுகாப்பு என்பார் அண்ணன். கடலைச் சுற்றியுள்ள அயலவர்களோடு ஒற்றுமையாக நிற்பதே காவல் என்பாள் தங்கை. இத்தனைக்கும் உடுப்புக் காயப்போடும் கொடிக்காக மேல்மாடிக்காரியோடு பல வருடமாகக் கதைக்காதவள் அவள்.

எனக்குச் சமாதானம் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு எரியும். எங்கள் ஊருக்கும் சமாதானம் காக்க வெளிநாட்டுப் படை வந்தது. சந்தியில் நின்று மாலை போட்டு வரவேற்றவர்களில் என் கணவரும் ஒருவர். சில மாதங்களில் வேலியே பயிரை மேய்ந்தது. மாலை போட்ட கைகளைப் பின்னால் கட்டித்தான் அவரைக் கொண்டுபோனார்கள். பிறகு பனங்காணிக்குள் உடலைத்தான் கண்டேன்.

ஏன் பொட்டு வைப்பதில்லை என்று சினியோரா ஒருநாள் கேட்டபோது இதைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையை நம்பினேன்.

ஒரு ஞாயிறு, ஸ்ஃபெர்ராகவால்லோவில் வாங்கிய மீனைப் பொரித்து மேசையில் வைத்தேன். விருந்தாளிகளும் இருந்தார்கள். வாதத்தில் அண்ணனின் கை ஓங்கியிருந்தது. சினியோரா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உன்ரை மனுசனைச் சமாதானப் படை என்ன செய்தது எண்டு இவருக்குச் சொல்லு."

எல்லோரும் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறந்தால் அவள் வெல்வாள். பிறகு காப்பி கேட்பார்கள். மீனுக்கும் காப்பிக்கும் நடுவில் என் மனிதர் ஒரு வாதமாகக் கிடப்பார்.

"காய்ச்சலிலை செத்துப்போனவர், சினியோரா" என்றேன்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். நான் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மால்டா சேர்ந்தது. அடுத்த வருடம் ஆட்சி மாறியதும் விலகியது. சினியோரா குசினிக்கு ஓடிவந்தாள். "நாங்கள் வெளியாலை வந்திட்டம்!"

பிடிக்காவிட்டால் விலகலாமாம். எங்களிடம் அந்தப் படை வேண்டுமா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

நான் சொன்ன பொய்யை மன்னித்துவிட்டதாகவும் சொன்னாள். நான் அவளை மன்னிக்கவில்லை.