ஜெனிலாவின் இரண்டு கல்லறைகள்

மாவறைக்கோணத்தில் ஞானபாய் வீடு எது என்று கேட்டால் இரண்டு மூன்று வீடுகளைக் காட்டுவார்கள். தபாலக்கா வீடு என்று கேட்டால் ஒன்றுதான். மார்த்தாண்டத்திலிருந்து தெற்கே இறங்கினால், ரப்பரும் வாழையும் மாறிமாறி வரும் மேடுபள்ளத்துக்கு நடுவே இருக்கிறது அந்த ஊர். அங்கே இருபத்தாறு வருடமாக வீடுவீடாகத் தபால் கொண்டு கொடுப்பவள் அவள்தான். ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும். ஆனால் தொடமாட்டாள். தோளில் பையும் கையில் குடையுமாக நடந்தே போவாள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

ஞானபாய்க்கும் நேசையனுக்கும் ஒரே மகள், ஜெனிலா. நாகர்கோவிலில் நர்சிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை காலையில், ரப்பர் வெட்டு முடித்து வந்த நேசையன், பஸ் ஏற்றிவிடுவதற்காக அவளை மொபெட்டில் வைத்து மெயின்ரோட்டுக்குக் கொண்டுபோனான். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் போகிற வருகிற வண்டி எல்லாம் அந்த ஒரே ரோட்டில்தான் ஓடவேண்டும். எதிரே ஒரு கார் பஸ்ஸை முந்திக்கொண்டு வந்தது. நேசையன் ஓரமாக ஒதுங்கினான். தார் முடிகிற இடத்தில் ஒரு சாண் பள்ளம். சக்கரம் அதில் இறங்க, அவன் இடப்பக்கம் விழுந்தான், மகள் வலப்பக்கம் விழுந்தாள். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு உடனே உயிர் போகவில்லை. ஆம்புலன்ஸ் மார்த்தாண்டம் நெரிசலில் மாட்டி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் இருபத்தைந்து நிமிடம் நின்றது. முழங்கால் நொறுங்கிய நேசையன் உள்ளே மகள் பக்கத்தில் கிடந்தான். அந்த இருபத்தைந்து நிமிடத்தைப் பற்றி அவன் மனைவியிடம் ஒரே தடவைதான் சொன்னான்.

"குடிக்க வெள்ளம் கேட்டா பிள்ளே. குடுக்கப்பிடாதுன்னு அந்த நர்சு சொல்லிட்டா. பிறகும் நம்ம குட்டி என்னமோ சொன்னா. வண்டிச் சத்தத்தில எனக்கு ஒண்ணும் கேக்கல்ல."

ஊர்த் திருச்சபைக்குச் சொந்தமான கல்லறைத் தோட்டம் ஊருக்கு மேற்கே ஒரு சரிவில் இருந்தது. மேல் பாதியில் பழைய கல்லறைகள். கீழ்ப் பாதியில் ஓர் அயனி மரத்துப் பக்கம் ஜெனிலாவை அடக்கம் செய்தார்கள். அந்த இடத்தை நேசையன்தான் காட்டினான். ரோட்டுச் சத்தம் அங்கே கேட்காது.

ஒரு மாதம் கழித்து ஞானபாய் வேலைக்குப் போனாள். பையில் தபாலோடு கோடு போட்ட நோட்டு ஒன்றும் இருந்தது. பைபாஸ் வரப்போகிறது என்று ஜெனிலா பிறப்பதற்கு முன்பே பேசத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தப் பேச்சு எழும், பிறகு அடங்கும். அந்த ரோடு உடனே வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, வீடுவீடாகக் கையெழுத்து வாங்கினாள். எதிர்த்துப் பேசுகிறவர்களும் இருந்தார்கள். குளத்தை மூடிவிடுவார்கள், மலையைக் குடைந்து மண் எடுப்பார்கள், வாழைக்கு வெள்ளம் கிடைக்காது என்று ரிட்டயர்டு வாத்தியார் ஜான்ரோஸ் சொன்னார். அவர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "சார், எனக்க குட்டி இருபத்தஞ்சு நிமிசம் ரோட்டில கெடந்தா" என்றாள் ஞானபாய். அவர் நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

இனயத்திலிருந்து வந்து அங்கே குடியிருந்த கிரேசியும் போட்டாள். கடற்கரையில் இருந்த அவள் வீட்டை அலை கொண்டுபோய்விட்டது. இனி கடலைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்று, பஹ்ரைனில் மீன்பிடிக்கப் போன கணவன் அனுப்பியதை வைத்து இங்கே ஆறு சென்ட் வாங்கி வீடு கட்டியிருந்தாள். "போடுதேன் அக்கா. ஒரு பிள்ளயாவது பிழைச்சா போரும்" என்று சொல்லித்தான் போட்டாள்.

ஆயிரத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. ஞானபாயே நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிப்போய்க் கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தாள். அப்புறம் ஏழு வருடம் எந்தச் சத்தமும் இல்லை.

எட்டாம் வருடம் ஒரு நாள் தபால் கட்டுக்குள் பழுப்பு உறைகள் வந்தன. பதிவுத் தபால், நிலம் எடுக்கும் நோட்டீஸ். ஒரே நாளில் பதினேழு. அவற்றைக் கொண்டு கொடுக்க வேண்டியவள் அவள்தான்.

முதல் நாள் ஜனங்களுக்கு விஷயம் புரியவில்லை. இரண்டாம் நாள் அவள் குடையைத் தூரத்தில் கண்டதுமே கதவைச் சாத்தினார்கள். அவள் வாசலில் நின்று, "கையெழுத்துப் போடணும்" என்று மெதுவாகக் கூப்பிடுவாள். வருடக்கணக்காகக் காப்பி கொடுத்து உட்காரச் சொன்ன வீடுகள் அவை. ஒரு கிழவர் உறையை வாங்காமலே, "அண்ணைக்கு நீ கையெழுத்து கேட்டு வந்த. இண்ணைக்கும் கையெழுத்து கேட்டு வந்து நிக்குத" என்றார். அவள் பேனாவை நீட்டியபடி நின்றாள்.

கிரேசி வீட்டுக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. மூன்று நாள் அந்த உறையைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள். நான்காம் நாள் போனாள். கிரேசி படித்துப் பார்த்தாள். படியில் உட்கார்ந்தாள்.

"வீடு முழுசும் போவுதா அக்கா?"

"அப்பிடித்தான் போட்டிருக்கு மக்கா."

"கடலு எடுத்தப்பம் நோட்டீஸ் ஒண்ணும் தரல்ல" என்றாள் கிரேசி. அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ஞானபாயை இராத்திரி முழுவதும் உறங்கவிடவில்லை.

கடைசியாக வந்த உறை சபைச் செயலர் ஏசுஅடிமைக்கு. உறையின் மேல் சர்வே எண் போட்டிருந்தது. ஞானபாய் அதைக் கவனிக்காமலே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்துப் படித்தார். படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"நம்ம கல்லறத் தோட்டமாக்கும். கீழ்ப் பாதி."

ஞானபாய் குடையை ஊன்றி நின்றாள். அன்று பையில் இன்னும் ஆறு வீட்டுத் தபால் மிச்சம் இருந்தது. அதையும் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

நேசையன் அப்போது முற்றத்தில் ரப்பர் ஷீட்டைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தான். கால் வளையாததால் வெட்டுக்குப் போக முடியாமல், ஷீட் அடிக்கிற மெஷினில் வேலை பார்த்தான். அவள் சொன்னதும் கையிலிருந்த ஷீட்டை அப்படியே கீழே விட்டான்.

"அவளுக்கு மேல வண்டி ஓடப்போவுது, இல்லியா?"

"அப்பிடிச் சொல்லாதீங்க. எடுத்து வேற எடத்தில வைப்பாவ. சபைக்கு வேற நிலம் தருவாவளாம்."

"என்னத்த எடுப்பாவ? எட்டு வருசம் ஆச்சு பிள்ளே. மண்ணோட மண்ணாப் போனத எப்பிடி எடுப்பாவ? அது எல்லாம் வருமா?"

அவன் ஞாயிறு தோறும் ஆராதனை முடிந்து, வளையாத காலை இழுத்துக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கி, இருட்டும்வரை அயனி மரத்தடியில் இருந்துவிட்டு வருவான். அங்கே என்ன செய்வான் என்று அவள் கேட்டதில்லை. அவளுக்கு நோட்டு இருந்தது, நடக்க ஊர் முழுவதும் இருந்தது. அவனுக்கு அந்த இடம் மட்டும்தான் இருந்தது. இது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

சபைக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு நடந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஜான்ரோஸ் சார்தான் முதலில் எழுந்தார். கோர்ட்டுக்குப் போகலாம், நூறு வருடக் கல்லறைத் தோட்டம் என்றால் தடை கிடைக்கும், ரோட்டைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டு போனால் என்ன என்றார். வளைத்தால் இன்னும் இருபது வீடு போகும் என்று வேறொருவர் சொன்னார். "செத்தவங்களுக்காக இருக்கியவங்கள எறக்கி விடலாமா?" என்று ஒரு குரல். "உனக்க அப்பன் அங்க இல்ல, நீ பேசுவ" என்று இன்னொரு குரல். கோர்ட்டுக்குப் போனால் ரோடு இன்னும் பத்து வருடம் தள்ளிப்போகும், அதற்குள் எத்தனை பிள்ளைகள் சாகும் என்று வாலிபர் சங்கத்து லிஜின் கேட்டான். அவன் நண்பன் ஒருவன் இரண்டு மாதத்துக்கு முன்புதான் அதே ரோட்டில் அடிபட்டுச் செத்துப்போயிருந்தான்.

பேச்சு முற்றி, ஆளாளுக்கு எழுந்து நின்றபோது ஏசுஅடிமை கையைத் தூக்கினார்.

"தபாலக்கா சொல்லட்டு. ரோடு கேட்டதும் அவியதான். பிள்ள கெடக்கியதும் அங்கதான். அவிய சொன்னா பிறகு எனக்குப் பேச்சில்ல."

பெண்கள் பக்கமிருந்து ஞானபாய் எழுந்தாள். ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் நேசையன் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் கூட்டம் அதோடு முடியும், அவனுக்கு அந்த மரத்தடி மிஞ்சும். ஆனால் கிரேசியின் வீட்டுக்கு உறை கொடுத்தாகிவிட்டது. அந்தக் கிழவரிடம் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. இனி தன் பிள்ளையை மட்டும் தொடாதே என்று எந்த வாயால் சொல்வது?

"ரோடு வரட்டும்" என்றாள். உட்கார்ந்தாள்.

நேசையன் எழுந்து வெளியே போனான். சிமென்ட் தரையில் அவன் கால் உரசிய சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது.

வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சாப்பிட வாங்க என்றால் வருவான். கேட்டதற்குப் பதில் சொல்வான். தானாக ஒரு வார்த்தை வராது. அப்படியே ஏழு மாதம் போயிற்று.

கல்லறைகளைத் திறக்கும் நாள் ஒரு சனிக்கிழமை. சபைப் போதகரான ஐயர் ஜெபம் செய்தார். தாலுகா ஆபீசிலிருந்து இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பெயரைக் குறித்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறிய மரப்பெட்டி. நேசையன் வரமாட்டான் என்றுதான் ஞானபாய் நினைத்தாள். அவர்கள் முறை வந்தபோது திரும்பிப் பார்த்தால், வெள்ளை வேட்டி கட்டி, சட்டையின் கழுத்துப் பித்தான்வரை போட்டுக்கொண்டு, சரிவில் பைய இறங்கி வந்துகொண்டிருந்தான்.

வெட்டுகிற ஆட்களை அவன் விலக்கினான். கடைசி ஓரடி மண்ணைக் கையாலேயே அள்ளினான். நிறையக் கிடைக்கவில்லை. சில எலும்புகள், சவப்பெட்டியின் கைப்பிடி ஒன்று, அடக்கத்தன்று அவள் தலையில் வைத்த பிளாஸ்டிக் பூக்கள். பூக்கள் மட்டும் வெள்ளை மாறாமல் இருந்தன. ஞானபாய் முந்தானையால் மண்ணைத் துடைத்துத் துடைத்துக் கொடுக்க, அவன் ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்தான். முடித்த பிறகும் குழியைவிட்டு ஏறாமல், கையை மண்ணுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

"போரும். ஏறுங்க" என்றாள் அவள்.

"இன்னும் இருக்கும் பிள்ளே."

ஐயர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் ஏறினான். பெட்டியை வேறு யாரிடமும் கொடுக்காமல், ஊருக்குக் கிழக்கே புது நிலம்வரைக்கும் தானே சுமந்து நடந்தான். பாறைக்குமேல் ஒட்டினாற்போல் மண் கிடக்கும் இடம் அது. ஒரு செடிகூடக் கிடையாது. அங்கே சிமென்டில் சின்னதாக ஒரு கல்லறை கட்டி, பெயர் எழுதினார்கள்.

அடுத்த மாதம் இயந்திரங்கள் வந்தன. அயனி மரம் விழுந்தது. கிரேசி வீட்டை ஒரு மத்தியானத்தில் இடித்து முடித்தார்கள். அவள் பிள்ளைகளோடு வடசேரியில் வாடகைக்கு வீடு பார்த்துப் போனாள். போகும்போது ஞானபாயிடம் வந்து, "லெட்டர் வந்தா இந்த அட்ரசுக்கு அனுப்புங்க அக்கா" என்று ஒரு சீட்டு கொடுத்தாள். சரிவை மண் போட்டு இரண்டாள் உயரத்துக்கு நிரப்பினார்கள். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. பார்க்கிறவர்களுக்கு, ஒரு வருடத்தில் ரோடு ஓடிவிடும் என்றே தோன்றியது.

ஒரு நாள் லாரிகள் வரவில்லை. மண் கிடைக்கவில்லை என்றார்கள். கேஸ் என்றார்கள். கான்ட்ராக்ட் எடுத்தவர் விட்டுப் போய்விட்டார், புது டெண்டர் வரும் என்றார்கள். வேலை நின்று இப்போது ஐந்து வருடம் ஆகிறது. மண்மேடு அப்படியே கிடக்கிறது. மழையில் கரைந்து, காட்டுச்செடி முளைத்து, ஆடு மேய்கிறது. மெயின்ரோட்டில் இன்னும் ஆம்புலன்சுகள் நின்று நின்றுதான் போகின்றன. இந்த ஐந்து வருடத்தில் ரோட்டில் இறந்தவர்களின் வீடுகளுக்கு இன்சூரன்ஸ் தபால், கோர்ட்டுத் தபால் என்று எல்லாவற்றையும் ஞானபாய் கொண்டு கொடுத்திருக்கிறாள். அவளை யாரும் இப்போது குறை சொல்வதில்லை. சில வீடுகளில் திரும்பவும் காப்பி தருகிறார்கள். அந்தக் காப்பிதான் அவளுக்கு உள்ளே இறங்குவதில்லை.

நேசையன் புதுக் கல்லறைக்குப் போவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்து வைகிட்டு ஆனதும் அந்த மண்மேட்டில் ஏறி, மரம் நின்ற இடம் இதுதான் என்று தனக்குத் தோன்றுகிற ஓரிடத்தில் போய் உட்காருகிறான். ஞானபாய் புதுக் கல்லறையைக் கழுவிவிட்டு, மெழுகுவத்தி கொளுத்திவிட்டுத் தனியாக வீட்டுக்கு வருவாள். இப்படியே இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிறு மழை வரும்போல் இருந்தது. அவன் வரக் காணோம். அவள் குடையை எடுத்துக்கொண்டு போனாள். வேலை நின்ற பிறகு அந்த மேட்டில் அவள் ஏறியதே இல்லை. செடியைப் பிடித்து ஏறி மேலே வந்தபோது, அவன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டு கொஞ்சம் தள்ளி இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள்.

"நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும்" என்றாள்.

அவன் பக்கத்தில் கிடந்த மண்ணாங்கட்டி ஒன்றை எடுத்து நொறுக்கினான்.

"நீ வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் அவிய எடுத்திருப்பாவ."

அது உண்மையா, தனக்காகச் சொல்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கூட்டத்தைப் பற்றி அவன் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் தடுக்கவில்லை.

தூறல் விழத் தொடங்கியது. ஞானபாய் குடையை விரித்தாள். எழுந்துகொள்ள அவனுக்குத் தோளைக் கொடுத்தாள்.

"வீட்டில என்ன இருக்கு?" என்று கேட்டான்.

"சாளைமீன் கறி. மரச்சீனிக் கிழங்கு அவிச்சு வச்சிருக்கேன்."

சரிவில் கால் வழுக்கியது. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து இறங்கினார்கள்.