திரைக்குப் பின்னால் அடித்த மணி

1. மணி ஒரு முறை அடித்தது.
2. நான் வண்டியை நிறுத்தினேன்.
3. கேட்டுக்கொண்டேன் என்பதற்கு அடையாளமாக நானும் ஒரு முறை அடித்தேன்.
4. திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஸ்டெல்லா அதைக் கேட்டதும் மணியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.
5. ஆட்டநேரம் முடியும்வரை எங்கள் இருவரில் ஒருவரும் அசையவில்லை.

நடந்தது இவ்வளவுதான். பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் கூடத்தில், பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டியில், கோலார் தங்கவயலிலிருந்து போன ஒரே குழுவான நாங்கள் தோற்றது இப்படித்தான். அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம். எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டியதுபோல் மெல்லிசாக ஒலித்த அந்த மணி இன்றும் என் காதில் இருக்கிறது.

அதற்கு நாங்கள் ஏன் அப்படி நின்றோம் என்பது எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். என் அப்பா சுரங்கத்தில் ‘வைண்டிங் டிரைவர்’. ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றும் ‘கேஜ்’ என்ற இரும்புக் கூண்டை, ‘ஷாப்ட்’ என்ற சுரங்கக் குழியின் வாயிலிருந்து தள்ளியிருந்த எஞ்சின் கொட்டகையில் உட்கார்ந்து இயக்குபவர். கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. கீழே இருப்பவர் அடிக்கும் மணிதான் அவருக்குக் கண். ஓடும் கூண்டுக்கு ஒரு மணி என்றால் உடனே நிறுத்த வேண்டும். வந்த மணியைத் திருப்பி அடித்துக் காட்டாமல் கூண்டை நகர்த்தக் கூடாது. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் ‘லைன்’ வீடுகளின் பிள்ளைகள் இதையே விளையாட்டாக்கி வைத்திருந்தோம். ‘கேஜ் ஆட்டம்’ என்று பெயர். ஒருவர் முதுகைக் காட்டி நின்று கயிறு கட்டிய பழப்பெட்டியை இழுக்க, இன்னொருவர் தகரத்தைத் தட்டிச் சைகை கொடுக்க வேண்டும். ஒரு தட்டுக்குப் பிறகும் பெட்டி நகர்ந்தால் ஆட்டம் போச்சு. பெட்டியை இழுக்கும் டிரைவர் தானாகவே ஒரு தட்டுத் தட்டினால் அவர் பக்கம் ஏதோ கோளாறு என்று பொருள். அவர் மறுபடி தட்டும்வரை மற்றவர் தகரத்தைத் தொடக் கூடாது.

போட்டியின் விதியும் எங்களுக்காகவே எழுதியதுபோல் இருந்தது. மணலும் கல்லும் கொட்டி வேற்றுக் கிரகம்போல் அமைத்த களத்தைத் திரையால் மறைத்திருந்தார்கள். குழுவில் ஒருத்தி களத்தைப் பார்த்து நிற்கலாம். வண்டியை ஓட்டும் மற்றவள் திரைக்கு இந்தப் பக்கம். பேசக் கூடாது, ஒலியால் சைகை செய்யலாம். பழைய டேப்ரிக்கார்டர் மோட்டார்களையும் பொம்மை லாரிச் சக்கரங்களையும் பள்ளியின் ரோபோ கிளப் மேசையில் பொருத்தி நாங்கள் செய்த வண்டிக்கு, வீட்டு அழைப்பு மணிகள் இரண்டை ஒயரில் கோத்துக்கொண்டோம். இரண்டு மணி முன்னே, மூன்று இடப்பக்கம், நான்கு வலப்பக்கம் என்று நாங்களாக வைத்துக்கொண்டோம். ஒரு மணியை மட்டும் மாற்ற எங்களுக்குத் தோன்றவே இல்லை.

வண்டி பாதிக் களத்தைத் தாண்டியபோது, பாதி நேரம் ஆகிவிட்டது என்று அறிவிக்க நடுவர் ஒருவர் தன் மேசை மணியை ஒரு முறை தட்டினார். அது ஸ்டெல்லாவின் மணி என்று நான் நின்றேன். நான் திருப்பி அடித்ததைக் கேட்ட ஸ்டெல்லா, தான் அடிக்காமலே வந்த மணி என்பதால் என் பக்கம் கோளாறு என்று நின்றாள். நான் அவளுக்காகக் காத்திருந்தேன்; அவள் எனக்காகக் காத்திருந்தாள்.

“யாக்கம்மா நில்லிஸிதே?” என்று அந்த நடுவர் கன்னடத்தில் கேட்டார். ஏன் நிறுத்தினாய் என்ற கேள்விக்கு, மணி அடித்தது என்றேன். அது என்னுடைய மணி அம்மா, ஊகித்திருக்கலாமே என்றார். மணியை ஊகிக்கக் கூடாது சார் என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த குழுவை அழைத்தார்.

சிரிக்க முடியாத நிலையில் இருந்தேன் நான். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போது ஊரெங்கும் இருந்தது. பத்தாவது முடித்ததும் ராபர்ட்சன்பேட்டையில் டைப்பிங் கற்று ஏதாவது கடையிலோ ஆபீஸிலோ சேர்ந்துவிட வேண்டும் என்பது வீட்டில் ஏறக்குறைய முடிவான விஷயம். எனக்கோ அறிவியல் படித்து, இந்த வண்டியைப்போல் ஒன்றை உண்மையாகவே வானத்துக்கு அனுப்புகிற இடத்துக்குப் போக வேண்டும். முதல் மூன்று இடம் பிடிக்கும் குழுக்களுக்குக் கோடை விடுமுறையில் விண்வெளிப் பயிற்சி முகாம் உண்டு என்று நோட்டீஸில் இருந்ததைக் காட்டி, நான் அப்பாவிடம் ஓர் உடன்பாடு வாங்கியிருந்தேன். முகாமில் இடம் கிடைத்தால் அறிவியல், கிடைக்காவிட்டால் டைப்பிங்.

நாங்கள் பங்காருபேட்டை வழியாக ரயிலில் வந்து இறங்குவதற்குள் செய்தி லைனுக்கு வந்திருந்தது. எதிர்வீட்டுக் கன்னியம்மா அத்தை குழாயடியிலேயே பிடித்துக்கொண்டார்.

“இன்னாமே, ஜட்ஜு மணி அடிச்சதுக்கு நீ நின்னுட்டியாமே? கோயில்ல மணி அடிச்சாலும் நின்னுடுவியா?”

“நின்னுடுவா அத்தே. அதான் இவளை நான் கோயில் பக்கமே கூட்டிகினு போறதில்ல” என்றாள் ஸ்டெல்லா. குழாயடியே சிரித்தது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “ஒரு மணி அடிச்சிதா?” என்று கேட்டார். அடித்தது என்றேன். “அப்ப நின்னது கரீட்டு” என்று சட்டையை மாட்டிக்கொண்டு ‘ஷிப்டு’க்குக் கிளம்பினார். உடன்பாட்டைப் பற்றி அவர் பேசவில்லை. நான் பேசினேன். வாசலில் வழிமறித்து மூன்று விஷயங்கள் சொன்னேன்: வண்டி பழுதாகவில்லை; ஓட்டியதில் தவறில்லை; யாருடைய மணி என்று தெரியாததுதான் குறை, அதைச் சரிசெய்ய முடியும். பத்தாவது முடிய இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது, அடுத்த போட்டி வரைக்கும் டைப்பிங் பேச்சை எடுக்காதீர்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, “செரி, இன்னொரு தபா” என்றார்.

அந்த ஆண்டு முழுவதும் நானும் ஸ்டெல்லாவும் சண்டை போட்டது இந்த ஒரு குறையைப் பற்றித்தான். மணிக்குப் பதில் விசில் வைக்கலாம் என்றாள் அவள். விசிலை வேறு யாராவது ஊதினால் என்றேன் நான்.

“அப்ப இன்னாதாண்டி பண்றது? நம்ம மணிக்கு ஒரு பேரு வெச்சி, மொதல்ல பேரச் சொல்லி கூப்பிட்டுட்டு, அப்புறம் சேதி சொல்லணுமா?”

எரிச்சலில் சொன்னாள். ஆனால் சொன்ன உடனே இருவரும் மணிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அதுதான் வழி. ஒவ்வொரு சைகைக்கும் முன்னால் நீளமாக ஒன்று, சட்டென்று இரண்டு. அது எங்கள் பெயர். பெயர் இல்லாமல் வருகிற எந்த மணியும் எங்களுக்கானதல்ல. கேட்ட மணிக்குக் கை தானாக நிற்கிற பழக்கத்தை மாற்றத்தான் பல மாதம் ஆயிற்று. ஸ்டெல்லா சைகை கொடுக்கும்போதே அவள் தம்பி தங்கைகள் சுற்றி நின்று தட்டையும் சைக்கிள் மணியையும் அடித்து என்னைக் குழப்ப வேண்டும் என்று ஏற்பாடு. மகிழ்ச்சியோடு செய்தார்கள்.

இரண்டாயிரத்து ஒன்றில், பொங்கல் முடிந்து மறுபடி அதே கூடம். அதே நடுவர், பாதி நேரத்தில் அதே மேசை மணி. என் விரல் ஸ்விட்சின் மேல் ஒரு கணம் துடித்தது. பெயர் வரவில்லை. வண்டியை ஓட விட்டேன். எங்களைவிட வேகமான வண்டிகள் இரண்டு இருந்தன. மூன்றாம் இடம் எங்களுக்கு.

ஆனால் முகாமுக்கு முன்பே சுரங்கம் மூடப்பட்டது. கூண்டு நின்றது. அப்பா வீட்டில் இருந்தார். இனி அறிவியலாவது ஒன்றாவது, நாளைக்கே டைப்பிங்கில் சேர்த்துவிடு என்று உறவினர்கள் வரிசையாக வந்து சொன்னார்கள். அம்மாவும் அதில் நியாயம் இருக்கிறது என்றார். எதிர்த்து வாதாட நான் காரணங்களைக்கூட வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. அப்பா எல்லாரையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நான் பதில் மணி அடிச்சிட்டேன். அடிச்சப்புறம் மாத்தக் கூடாது. அவ முகாமுக்குப் போகட்டும்.”

போனேன். அங்கே விண்கலங்களைப் பற்றிப் பேசிய பொறியாளர் ஒருவரிடம், நாம் அனுப்பும் கட்டளையைக் கலம் திருப்பிச் சொல்லுமா என்று நான் கேட்ட முதல் கேள்விக்கு, சொல்லும் என்று பதில் வந்தது. அன்றைக்கே என் வேலை எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது நான் விண்கலங்களுக்குக் கட்டளை அனுப்பும் அறையில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு கட்டளையின் தலையிலும் அந்தக் கலத்தின் அடையாளம் இருக்கும்; தனக்கானதல்லாத கட்டளைக்குக் கலம் செவிசாய்க்காது. ஏதேனும் கோளாறு என்றால் வேலையை நிறுத்திவிட்டு, எங்கள் சொல் வரும்வரை காத்திருக்கும். புதிதாகச் சேருகிறவர்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அது கேஜ் ஆட்டம்.

ஸ்டெல்லா பங்காருபேட்டையில் இயற்பியல் ஆசிரியை. பள்ளியில் ரோபோ கிளப் நடத்துகிறாள். அவளுடைய மாணவர்கள் மொபைலில் வண்டி ஓட்டுகிறார்கள். கேஜ் ஆட்டம் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. ஷாப்டின் மேல் இரும்புக் கோபுரம் துருப்பிடித்து நிற்கிறது. எஞ்சின் கொட்டகை பூட்டியிருக்கிறது. ஷிப்டு இல்லாத அப்பா பகலில் தூங்கப் பழகிவிட்டார்.

இன்று காலை அனுப்பிய கட்டளையைக் கலம் திருப்பிச் சொல்லிவிட்டது. அது போய்க்கொண்டிருக்கிறது.