சிஸ்டர் எழுத மறுத்த முட்டை

ஆம்பூரில் நான் பிரௌசிங் சென்டர் நடத்திய நாட்களில், ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து ஒரு சிஸ்டர் வருவார். ஷூ பேக்டரியின் முதலுதவி அறையில் நர்ஸ், நாற்பத்தைந்து வயதிருக்கும். உட்காரும் முன் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து மவுஸைத் துடைப்பார். ஆன்லைனில் எம்.எஸ்ஸி. ஊட்டச்சத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

ஒருமுறை, பாடத்துக்கான ஆய்வுக்காக, பேக்டரியின் தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் ஒரு வாரம் சாப்பிட்டதை சிஸ்டர் அப்படியே எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பினார். காலையில் டீ, மதியம் ரசம் சோறு, ராத்திரி அதிலேயே மிச்சம். 'இதைச் சாப்பிட்டு யாராலும் எட்டு மணி நேரம் வேலை செய்ய முடியாது, சரிபார்க்கவும்' என்று பேராசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"தினம் ஒரு முட்டைன்னு சேத்துடுங்க சிஸ்டர். அவருக்கு இன்னா தெரியப்போவுது?" என்றேன்.

"எழுதிட்டா அந்தப் பொண்ணு சாப்ட்டுட்டான்னு ஆய்டும் தம்பி," என்றார்.

அடுத்த ஞாயிறு சந்தோஷமாக வந்து, தினமும் ஒரு முட்டை என்று டைப் செய்தார். அந்த வாரம் முழுக்க அவரே வீட்டில் அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அதையும் மறைக்காமல் கடைசி வரியில் எழுதினார். ஆய்வு செய்பவர் ஆய்வில் தலையிடக் கூடாது என்று பேராசிரியர் பாதி மார்க்தான் போட்டார்.

"இனிமே முட்டைய நிறுத்திடுவீங்களா?" என்று கேட்டேன்.

"பாடந்தான் முடிஞ்சிது தம்பி. அவ நாளைக்கும் வேலைக்கு வருவா இல்ல?"

அவர் கடைசியில் எம்.எஸ்ஸி. வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று ஏனோ தோன்றவேயில்லை.