பெட்டிக்குத் தூரமாக ஒரு செம்பு மோர்

எனக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. குடிக்கிற தண்ணீரைச் சொல்லவில்லை, என் பெட்டியின் மேல் விழுகிற தண்ணீரைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரை தெற்குவாசல் பக்கம் ஒரு சந்தில் ரேடியோ செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு டிஜே என்கிறார்கள், கலர் லைட் போட்டு ஆடுகிறார்கள். எங்கள் காலத்தில் ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு மைக், வேப்பமரத்தில் ஏற்றிக் கட்ட இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள், அவ்வளவுதான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் முதலில் போய் இறங்குகிறவனும் கடைசியில் கிளம்புகிறவனும் நானாகத்தான் இருப்பேன்.

ஆம்ப்ளிபயரை எல்லாரும் 'பெட்டி' என்றுதான் சொல்வார்கள். உள்ளே கண்ணாடி வால்வுகள் இருக்கும். அவை சூடாகும். சூடு வெளியேற மேல் தகட்டில் வரிசையாகத் துளை போட்டிருப்பார்கள். அந்தத் துளைகள்தான் என் நிம்மதியைக் கெடுத்தவை. பாயசம் உள்ளே போயிருக்கிறது. கலர் சோடா போயிருக்கிறது. இளநீர் சீவியவர் கை தவறி அரைக்காய் இளநீர் போயிருக்கிறது. ஒரு கல்யாணத்தில் வாசலில் நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த அம்மாள், என்னையும் மதித்து, பெட்டியையும் மதித்து, எங்கள் இரண்டு பேருக்கும் தெளித்துவிட்டுப் போனார். பெட்டி கர்ர் என்றது. மரியாதை செய்தவரை எப்படித் திட்டுவது? பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டேன்.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. பாயசம் சிந்திய இசைத்தட்டு ஒன்றில் எறும்பு மொய்க்கிறது என்று என் அம்மா அதைக் கழுவி, மொட்டை மாடியில் வத்தலோடு வத்தலாகக் காயப்போட்டுவிட்டார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் தட்டின் ஓரம் அப்பளம் மாதிரி எழும்பி நிற்கிறது. "நல்லாத்தானடா காஞ்சிருக்கு" என்றார் அம்மா. இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

இதெல்லாம் சில்லறை. உசிலம்பட்டிக்கு மேற்கே திருவிழாவின் கடைசி நாள் ஊற்றுகிற மஞ்சத்தண்ணிதான் உண்மையான கண்டம். அன்றைக்கு முறைக்காரர்களுக்குள் ஓட ஓட விரட்டி ஊற்றிக்கொள்வார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொள்கிற முறை உள்ளவர்கள் மேல்தான் ஊற்றலாம். அண்ணன், தம்பி மேல் ஊற்றக் கூடாது. வெளியூர்க்காரனான என் மேல் யார் ஊற்றப்போகிறார்கள் என்று முதலில் அசட்டையாக இருந்தேன். அந்தப் பக்கத்து ஆட்கள் லேசுப்பட்டவர்களா? என் அம்மா பிறந்ததும் அந்தப் பக்கம்தான். "உங்க அம்மா எந்த ஊரு? யாரு வீடு?" என்று ரெண்டு கேள்வி கேட்டு, மூன்றாவது கேள்வியில் ஏதாவது ஒரு முறையைப் பிடித்துவிடுவார்கள். பிடித்த கையோடு குடத்தைத் தூக்குவார்கள்.

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். எந்த ஊருக்குப் போனாலும் கடைசி நாள் காலையில் மைக்கைப் பிடித்து அறிவித்துவிடுவேன். "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, இந்த ஊர்ப் பொண்ணுங்க அம்புட்டுப் பேரும் எனக்குக் கூடப் பொறந்த தங்கச்சிங்க. அண்ணன் மேல மஞ்சத்தண்ணி ஊத்துறது மொறையில்ல!" ஊரே சிரிக்கும். ஒரு சொட்டு என் பக்கம் வராது. எனக்குத்தான் எவ்வளவு மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு வருடம் பங்குனியில் ஒரு ஊர். என்னை அமர்த்தியவர் விழாக் கமிட்டியில் முக்கியமானவர். தணிந்த குரல், தோளில் துண்டு, சிரிப்பை உள்ளேயே வைத்துக்கொள்கிற முகம். தொழில் பழக்கத்தில் நான் அவரை "அண்ணே" என்றேன். அவர் என்னை "ரேடியோசெட்டு" என்றார். கடைசி நாள் காலையில் வழக்கம்போல ஊர்ப் பெண்களையெல்லாம் தங்கச்சியாக்கி முடித்து, ஒரு பாட்டையும் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். ஒரு பெண் செம்பில் மோர் கொண்டுவந்தாள். அவருடைய மகள் என்று பிறகு தெரிந்தது.

மோர் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் செய்வது ஒன்றுதான். மேசையில் காலி இடம் எங்கே என்று பார்த்து, பெட்டியின் தலையில் வைப்பார்கள். நான் பதறிக்கொண்டு எழுந்தேன். அவளோ வந்தாள், பெட்டியைப் பார்த்தாள், நாலு எட்டு பின்னால் போய் ஒரு கல்லின் மேல் செம்பை வைத்தாள்.

"பெட்டிக்குத் தூரமா வச்சிருக்கேன். இங்கன வந்து குடிங்க."

அந்த ஒரு வார்த்தையில் நான் காலி. கண்ணைப் பார்த்தேன், நடையைப் பார்த்தேன் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் பார்த்தது அந்த நாலு எட்டைத்தான். ஆறு வருடத் தொழிலில் என் பெட்டியை ஒருவரும் அப்படி நினைத்ததில்லை. எழுந்து போய் மோரை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"உப்பு போதுமாண்ணே?" என்றாள்.

அண்ணே. மோர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி தங்கச்சி என்று கத்தியவனை வேறு எப்படிக் கூப்பிடுவாள்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா விரலை மடக்கி மடக்கி முறை பார்த்தார். அந்தப் பெண்ணின் அப்பா அம்மாவுக்குத் தூரத்து வழியில் அண்ணன். அவள் எனக்கு மாமன் மகள். கட்டிக்கொள்கிற முறைதான்! அடுத்த வெள்ளிக்கிழமையே அம்மா பஸ் ஏறிப் போய்ப் பெண் கேட்டார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அவுக கேக்குறதும் நாயந்தான்டா. 'என்னைய அண்ணேன்னாரு, எம் மகளத் தங்கச்சின்னாரு. அண்ணேன் மகளா, தங்கச்சியா? ரெண்டுல எதுன்னாலும் கட்டிக்கிற மொற இல்லையே' அப்படிங்கிறாரு. தனியா சொல்லியிருந்தாப் பரவாயில்லயாம். கொழாயில சொன்னதுக்கு அப்புறம் குடுத்தா ஊரு சிரிக்குமாம்."

நான் அந்தக் குழாயை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாயைத்தான் முறைத்திருக்க வேண்டும்.

ஒரு வருடம் ஓடியது. மறுபடியும் பங்குனி வந்தது. அவளுடைய அப்பா என் கடைக்கே வந்து நின்றார். "பெட்டி நல்லாப் பாடுது. இந்த வருசமும் நீங்கதான்" என்றார். கிளம்பும்போது துண்டை உதறிக்கொண்டே, "மகளுக்கு ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு எடம் வந்துருக்கு. சித்திரையில பேசி முடிக்கலாம்னு இருக்கோம்" என்றார். எனக்கு எதற்காகச் சொன்னார் என்று அன்று விளங்கவில்லை.

கடைசி நாள் காலை. பெட்டி பாடிக்கொண்டிருக்கிறது. மைக் என் கையில் இருக்கிறது. அறிவிப்புக்காக ஊரே காத்திருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. மைக்கை அணைத்து மேசையில் வைத்துவிட்டேன். "என்ன மாப்ள, இந்த வருசம் யாரும் தங்கச்சி இல்லையா?" என்று எவனோ கத்தினான். தெருவில் மஞ்சத்தண்ணி பறந்துகொண்டிருந்தது. என் காலடியில் ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்கு விரிக்கிற ரப்பர் சீட் ஒன்று சுருட்டி வைத்திருந்தேன். ஆபத்து என்றால் பெட்டியைப் போர்த்துவதற்கு.

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் வந்தாள். கையில் அதே செம்பு. இந்த முறை நாலு எட்டு தள்ளி நிற்கவில்லை. நேரே மேசை வரைக்கும் வந்துவிட்டாள்.

"பெட்டிய மூடுங்க" என்றாள்.

மூடியிருக்கலாம். குனிய வேண்டும், சீட்டை எடுக்க வேண்டும், பிரிக்க வேண்டும், போர்த்த வேண்டும். அதற்குள் அவளை யாராவது கூப்பிட்டுவிட்டால்? அவளுக்கே மனசு மாறிவிட்டால்? ஆறேழு வருடமாகப் பெட்டியைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவன், அந்த நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

செம்பு கவிழ்ந்தது. பாதி என் தலையில், பாதி பெட்டியில்.

குழாய் கர்ர் என்று இழுத்து ஓய்ந்தது. உள்ளே ஒரு வால்வு டக்கென்று விரிசல் விட்டது. நான் பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கினேன். மூன்று நாளாகப் பாட்டு கேட்டுப் பழகிய ஊர் திடீரென்று அமைதியானதும், ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்று எங்கள் பக்கம் திரும்பினார்கள். நான் உச்சந்தலையிலிருந்து மஞ்சளாக நிற்கிறேன். அவள் காலிச் செம்போடு நிற்கிறாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளுடைய அப்பா வந்தார். "பாட்டு ஏன் நின்னுச்சு?" என்றார்.

"நாந்தான்ப்பா ஊத்துனேன்" என்றாள் அவள். தலை குனியவில்லை.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. என்னைப் பார்த்தார். "ரேடியோசெட்டு, அவ ஊத்துனத ஊரு பாத்துருச்சு. ஆனா போன வருசம் நீங்க சொன்னதயும் ஊரு கேட்டுருக்கே. அதே கொழாயில நீங்களே அத மாத்திச் சொல்லணும். பொழுது சாய சாமி கெளம்பிரும், சனம் கலஞ்சு போயிரும். அதுக்குள்ள பெட்டி பேசுனா நாம பேசலாம்."

"பேசலன்னா?"

"அடுத்த பங்குனிவரைக்கும் ஆண்டிபட்டிக்காரவுக காத்திருக்க மாட்டாக."

அதற்குப் பிறகு நான் செய்த வேலையை அதற்கு முன்னாலும் செய்ததில்லை, பின்னாலும் செய்ததில்லை. பெட்டியைச் சாய்த்து, உள்ளே தேங்கியதை வடித்தேன். பின் தகட்டின் திருகுகளைக் கழற்றக் கழற்ற அவள் கையை நீட்டினாள், ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் வைத்தேன். வால்வுகள் ஆறும்வரை காத்திருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். உலர்ந்த துணியால் துடைத்தேன். ஊர் நர்சம்மா வீட்டிலிருந்து ஸ்பிரிட் வந்தது. அதைப் பஞ்சில் தொட்டு, பல் துலக்கும் பிரஷில் தொட்டு, வால்வின் கால்கள் செருகுகிற இடங்களைக் குழி குழியாகத் தேய்த்தேன். பஞ்சு வர வர மஞ்சளாக வந்தது, வந்துகொண்டே இருந்தது.

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும். "ஊத்துனதுதான் ஊத்துனீங்க, மஞ்சள எதுக்கு இம்புட்டுக் கரைச்சீங்க?" என்று சிடுசிடுத்தேன். நாங்கள் இரண்டு பேரும் மனம் விட்டுப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"மூடச் சொன்னேன்ல?" என்றாள். "ஒங்களுக்குக் காது கேக்காதா?"

"வெயில்ல வச்சா வெரசாக் காஞ்சிரும்ல" என்று யாரோ பெட்டியைத் தூக்கப்போனார். "வெயில்ல வச்சா வெளங்கவே வெளங்காது! கைய எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் துள்ளி விலகினார். வத்தலோடு காய்ந்த இசைத்தட்டு கண் முன்னால் வந்தது. வாத்தியார் வீட்டு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து நிழலில் வைத்து ஓடவிட்டோம். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அந்த வேலையில் கஷ்டம். சீக்கிரம் போட்டுப் பார்த்தால் மொத்தமும் புகைந்துபோகும், தாமதித்தால் சாமி கிளம்பிவிடும். அவள் திருகுகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கை வியர்த்துத் துருப்பிடிக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே ஃபேனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினேன்.

அந்தப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு தடவை இறக்கித் துடைப்பேன். உள்தகட்டில் மஞ்சள் கறை போகவேயில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் "மூடச் சொன்னேன்ல" என்பாள். நாற்பது வருடமாக நானும் துடைத்துக்கொண்டே இருக்கிறேன்.

வெயில் தாழ்ந்தது. கொட்டுக்காரர்கள் கோயில் வாசலில் சேர்ந்துவிட்டார்கள். விரிசல் விட்ட வால்வுக்குப் பதில் கைவசம் இருந்ததைச் செருகினேன். திருகு எதையும் பூட்டாமல், குலசாமியை வேண்டிக்கொண்டு பிளக்கைச் சொருகினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வால்வுகளுக்குள் மெல்லச் சிவப்பு ஏறியது. சூடேறச் சூடேற, பெட்டியிலிருந்து மஞ்சள் வாசம் குப்பென்று வந்தது. குழாய் இரண்டும் உஸ் என்று மூச்சு விட்டன.

மைக்கை எடுத்தேன். இரண்டு தடவை ஊதிப் பார்த்தேன். ஆயிரம் தடவை பேசிய மைக் அது.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே. போன வருசம் இதே எடத்துல உக்காந்து, இந்த ஊர்ப் பொண்ணுங்க அம்புட்டுப் பேரும் எனக்குத் தங்கச்சின்னு சொன்னேன்..."

கொட்டு நின்றது. எல்லா முகமும் என் பக்கம். அவளை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

"அதுல... ஒரு ஆள மட்டும் கழிச்சுக்கங்க."

ஊர் முழுக்கச் சிரித்த சிரிப்பு குழாயை விடப் பெரிதாக இருந்தது. அவள் திருகுகளோடு கையை முகத்தில் வைத்து மூடிக்கொண்டாள். அவளுடைய அப்பா மட்டும் சிரிக்காமல், காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு நின்றார்.

"சத்தம் பத்தல மாப்ள" என்றார். "இன்னொரு தடவ சொல்லுங்க."

"சரிங்க மாமா" என்றேன். வால்யூமைக் கடைசிவரை திருகிவிட்டு மறுபடியும் சொன்னேன்.